லேக்கய்யன் வளைவு

திருமூர்த்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தது பங்குனியில். வண்டி கிளம்பியது ஆடியில். இடைப்பட்ட காலத்தில் சூளைப்பாளையத்து வாழைகள் குலை தள்ளின, பால் சொசைட்டிக்குத் தேர்தல் நடந்து முடிந்தது, ஊர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுப் பிடுங்கினார்கள். இதையெல்லாம் கார் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு, வலது காலால் மிதித்தபடியே அவர் உட்கார்ந்திருந்ததை ஊரில் ஒருவரும் அதிசயம் என்று சொல்லவில்லை. எஞ்சினைப் பற்றித் தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது, டர்போ வண்டி என்றால் மிதித்த பிறகு கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும், அதற்கு லேக் என்று பெயர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் வரையறுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோயமுத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய் வாயைக் குவித்து ஊதுகிற காற்று முதலில் வந்து முட்டுகிற ஊர் அது. வீட்டுக்கு ஒரு லேத், தெருவுக்கு ஒரு மோட்டார் பட்டறை. வாரமெல்லாம் பம்புசெட்டுக்குக் காயில் சுற்றிச் சம்பாதித்ததை, ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டுக்கு நடுவில் ஊரே சேர்ந்து போட்ட தார்ப்பாதையில் புகையாக விடுகிற ஜனங்கள். ஊரில் கட்சி இரண்டு. மூச்சுக்காரர்களின் எஞ்சின் வெளிக்காற்றைத் தன் சொந்த பலத்தில் இழுக்கும், மனுசன் மூச்சு விடுகிற மாதிரி. மிதித்த கணமே போகும், ஆனால் பலம் வேண்டுமென்றால் உருவம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை கிழியச் சுழல வேண்டும். ஊதுகுழல்காரர்களுடையது டர்போ, தான் விட்ட புகையாலேயே ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, அந்த விசிறி வெளிக்காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே ஊத, ஊதுகுழல் பட்ட அடுப்பு மாதிரி சின்ன எஞ்சினும் திகுதிகுவென்று எழும், ஆனால் புகை சேர்ந்து விசிறி வேகம் பிடிக்கும் வரை எழாது. "மிதிச்சாப் போகோணும், அதுதான் வண்டி" என்பார்கள் மூச்சுக்காரர்கள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார்கள் ஊதுகுழல்காரர்கள். பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தை விரிப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்க்கிற வழக்கம்கூட அங்கே இருந்தது.

அந்த ஊரில் கலப்பு மணம் என்றால் நாகமணி, திருமூர்த்தியின் கல்யாணம்தான். நாகமணி மூச்சுக்கார வீட்டுப் பெண். பட்டறையில் பாதி அவளுடையது, அந்தப் பாதியில் நிற்கிற ஆறு சிலிண்டர் சிவப்பு வண்டியும் அவளுடையது. எஞ்சின் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு ஏறினால் சோளக்காட்டுக் கிளியெல்லாம் கிளம்பிவிடும். மறுபாதியில் திருமூர்த்தியின் நீல வண்டி, உருவம் சின்னது, டர்போ பெரியது. ஆளும் அப்படித்தான். கேட்ட கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரப் பொழுதாகும், வந்தால் கட்டி வைத்த தண்ணீர் உடைத்த மாதிரி வரும். கல்யாணமான புதிதில் "உப்புமா புடிக்குமுங்களா மாமா?" என்று அவள் கேட்டதற்கு, தீபாவளி கழிந்து, சொந்தபந்த ஒறம்பரை நிறைந்த பந்தியில், இலையை மூடிவிட்டு, "புடிக்கவே புடிக்காது அம்மிணி, உப்புமாங்கற ஒண்ண யாரு கண்டுபுடிச்சது" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். அவள் அதற்குள் உப்புமா கிண்டுவதில் பேர் வாங்கியிருந்தாள்.

ஐப்பசியில் சென்னையில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அவர்கள் பட்டறையிலிருந்து ஒரு வண்டிதான் போகலாம் என்று வந்தபோது, எந்த வண்டி என்று வீட்டுக்குள் பேசித் தீரவில்லை. பேசினால் அவர் பதில் சொல்ல ஐப்பசி ஆகிவிடும். ஓட்டியே தீர்த்துக்கொள்வது என்றானது. கொடிகாட்டுகிற நாச்சிமுத்துக் கவுண்டர் கட்டம்போட்ட கொடியோடு கோட்டில் நின்றார். பந்தயத்துக்கு மைக்கில் வர்ணனை சொல்கிற புலவர் ஆதிமூலம், ரிட்டையரான தமிழ் வாத்தியார், கரகரத்த குரலில் வாழ்த்துப்பா பாடி முடித்ததும் இரண்டு வண்டியும் கிளம்பின.

கடைசிச் சுற்றில் கடைசி வளைவு வரைக்கும் நீல வண்டி முன்னால், சிவப்பு வண்டி அதன் வாலைப் பிடித்த மாதிரி பின்னால். அந்த வளைவுக்குக் கிணத்து வளைவு என்று பெயர். பாதை இடது பக்கம் திரும்பி முடிவுக் கோட்டைப் பார்க்கப் போகும். திரும்பாமல் நேரே கிழக்கே போனால் கைப்பிடிச்சுவர் இல்லாத பாறைக் கிணறு, எட்டிப் பார்த்தால் ஆகாசம் தலைகீழாகத் தெரிகிற ஆழம். சரியாக அந்த இடத்தில் ஒரு மயில் குறுக்கே வந்தது. சூளைப்பாளையத்தில் மயில் குறுக்கே வந்தால் முருகனே வந்த மாதிரி. இரண்டு பேரும் பிரேக் போட்டு நின்றார்கள். மயில் தோகையை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், பாதையைக் கடந்தது. திருமூர்த்தி ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

நாகமணி இறங்கி வந்தாள். "என்னாச்சுங் மாமா?"

"லேக்கு. இப்ப வந்துரும்" என்று அவரிடமிருந்து பதில் வருவதற்குள் மயில் சோளக்காட்டையே தாண்டிப் போயிருந்தது.

அவள் அப்போதே தாண்டிப் போயிருக்கலாம், கோடு கண்ணுக்கெதிரே இருந்தது. ஆனால் நின்ற வண்டியின் மூக்கு நேரே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், அவள் மூக்கைப் பார்த்தாள். இத்தனை நேரம் கூடிய வேகம் ஒரே தள்ளாகத் தள்ளினால், ஸ்டீயரிங்கை அவர் எவ்வளவு ஒடித்தாலும் டயர் கேட்காது.

பத்து ஆள் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள், அரை விரற்கடை அசையவில்லை. டிராக்டர் கட்டி இழுத்தார்கள், டிராக்டர்தான் முன்காலைத் தூக்கியது. "வரப்போற வேகம் ஏற்கெனவே உள்ளாற வந்து உக்காந்துக்கிச்சு" என்றார் நாச்சிமுத்துக் கவுண்டர், கொடியைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு. "வேகத்த யாராலங்க தள்ள முடியும்? ரேஸ் இன்னும் முடியல, அவ்வளவுதான்." ரேஸ் முடியாததால் அவர் கொடியைக் கீழே வைக்கவில்லை, தோட்டத்துக்கும் சந்தைக்கும் கட்டம்போட்ட கொடியோடேயே போய்வந்தார், ஒரு கருமாதி வீட்டுக்கும் அதோடேயே போனார்.

"காலை எடுத்துட்டு எறங்கி வாங்க" என்றாள் நாகமணி.

"எடுத்தா இதுவரைக்கும் கூடுனது போயிரும் அம்மிணி" என்றார் திருமூர்த்தி. அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கு மறுநாள் மத்தியானம் ஆனது.

ஊர் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொண்டது. வளைவுக்குப் பக்கத்தில் ரங்கம்மாள் வடைக்கடை போட்டாள். முடிவெட்டுகிற சௌந்தரம் அமாவாசைக்கு முந்தின நாள் வந்து ஜன்னல் வழியாகவே முடி திருத்திவிட்டுப் போனான். பெட்ரோல் முள் இறங்கவில்லை, எஞ்சின் சூடேறவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. மற்ற காரியங்களுக்கெல்லாம் என்ன செய்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. உள்ளூரில் கேட்கமாட்டார்கள், அது மரியாதை. பால் சொசைட்டித் தேர்தலில் ஓட்டுப்பெட்டியை அவர் இருந்த இடத்துக்கே கொண்டுவந்தார்கள், அவர் ஓட்டால் ஒருவர் ஜெயிக்கவும் செய்தார்.

பிறகுதான் சாமி வந்தது. ரங்கம்மாளின் அண்ணன் மகளுக்கு ஜாதகம் தட்டிக்கொண்டே போனது, அவள் போகிற போக்கில் நீல வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு கல்லை வைத்து, மஞ்சள் பூசி, "மாமா மாதிரியே நானும் காத்துக்கிட்டிருக்கறனுங் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள், ஆவணிக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். அவ்வளவு போதும். வேலை உத்தரவு வராதவர்கள், பட்டா வராதவர்கள், துபாய்க்குப் போன மகனிடமிருந்து போன் வராதவர்கள் என்று பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்லுக்கு லேக்கய்யன் என்று பேர் விழுந்தது. வர வேண்டியது வந்தே தீரும் என்பது லேக்கய்யனின் வாக்கு, அதைச் சொல்லவேண்டிய சமயங்களில் திருமூர்த்தியே ஜன்னல் வழியாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கும் அது பிடித்துப்போனது.

கல்லுக்கு முன்னால் கட்டுக்கட்டாக ஊதுபத்தி புகைந்தது. நாகமணி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங் ரங்கம்மாக்கா, இந்தச் சாம்பலெல்லாம் ஃபில்டர்ல போயி அடைச்சிக்கிட்டா யாரு கழுவறது? எடுத்துப் போடுங்க இதை" என்றாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. காத்து மேக்கால இருந்தல்ல அடிக்குது, பொகையெல்லாம் கெணத்துப் பக்கந்தான் போகுது. வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"வண்டியும் அந்தப் பக்கந்தான் போகப்போகுது, அது தெரியுமா உங்களுக்கு?"

கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார். "சாமி காலை எடுத்துட்டா எம்பட பையனோட உத்தரவு எப்படிங்க வரும்? நீங்க ஊட்டுக்குப் போங்கம்மிணி." அவர்களுக்கெல்லாம் அவர் மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும், அவள் ஒருத்திக்கு அவர் உயிரோடு இருக்கவேண்டும்.

புலவர் ஆதிமூலம் அவளைச் சமாதானம் செய்ய வந்தார். "கால்னா பழைய தமிழ்ல காத்துன்னும் ஒரு பொருள் இருக்குதம்மா. நீ அவர்கிட்டப் போயி காலை எடு, காலை எடுங்கற. அவருக்கு அது காத்தையே எடுத்துருன்னு கேக்குது. டர்போக்காரன் காத்தைக் குடுப்பானா?"

"அப்பக் காத்து வர்றப்ப நான் அங்க இருந்துக்கறனுங்க ஐயா" என்றாள் அவள்.

மறுநாள் சிவப்பு வண்டியைக் கொண்டுபோய் நீல வண்டிக்கு வலது பக்கத்தில், கதவுக்குக் கதவு உரச, மூக்கு ஒரு முழம் முன்னால் நீட்ட நிறுத்தினாள். வலது பக்கம் என்றால் கிணற்றுப் பக்கம். திருமூர்த்தியை இடது பக்கம் திருப்ப வேண்டுமானால் வலது பக்கத்திலிருந்துதான் தோள் கொடுக்க முடியும், அந்தத் தோளுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. இந்தத் தடவை திருமூர்த்தியின் பதில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தது, சாயங்காலத்துக்குள்.

"அந்தப் பக்கம் நிக்காத அம்மிணி. நீயும் சேந்து போயிருவ."

"எம்பட வண்டி மிதிச்ச கணத்துல போகும். உங்க வண்டி என்னிக்கோ மிதிச்சதுக்கு என்னிக்கோ போகும். ரெண்டும் ஒரே நொடியில கெளம்போணும்னா முழிச்சிருக்க வேண்டியது நாந்தானுங்க."

"கோடு அந்தா இருக்குது. போயி ஜெயிச்சுட்டு வந்துரு" என்றார் அவர், பொழுது விடிந்த பிறகு.

"எனக்குக் கோடும் வேணும், நீங்களும் வேணும்" என்றாள். "ஒண்ண உட்டுட்டு ஒண்ண எடுக்கறதுக்கு நான் வரல."

அன்றிலிருந்து பட்டறையைச் சாத்தின பிறகு தினமும் அவள் சாதகம் செய்தாள். விசிறி வேகம் பிடிக்கும்போது டர்போ சீட்டியடிக்கும். அந்தச் சீட்டி காதில் விழுந்த நொடியில் கிளம்பவேண்டும். ரங்கம்மாள் எண்ணெயில் வடையைப் போடுகிற 'சொய்ங்'குக்குக் கிளம்பிப் பார்த்தாள், காக்கை கரைவதற்குக் கிளம்பினாள், நாச்சிமுத்துக் கவுண்டரின் தும்மலுக்குக் கிளம்பினாள். கூப்பிட்ட பேரின் கடைசி எழுத்து வாயை விட்டு வருவதற்குள் சிவப்பு வண்டி வளைவைத் தாண்டியிருக்கும், திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்துவாள். ஒருநாள் ரங்கம்மாள் சுண்டலுக்கு வைத்த குக்கர் விசிலடிக்க, இவள் அதுதான் என்று பாய்ந்துபோய்க் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். அதற்குப் பிறகு வளைவுக்குக் காதெட்டும் தூரத்துக்குள் குக்கர் வைக்கக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. லேக்கய்யனுக்கு விசில் ஆகாது என்று காரணம் சொல்லிக்கொண்டு, மேற்குத் தெரு முழுக்கச் சோற்றை வடித்துத் தின்றார்கள், கஞ்சி மிஞ்சியதில் எருமைகள் கொழுத்தன.

ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று அம்மியை நகர்த்தப் பார்த்தது, ஓட்டு வீடுகளின் ஓடுகள் இரவெல்லாம் பல்லைக் கடித்தன. ஆடிப் பதினெட்டுக்கு லேக்கய்யனுக்குப் பெரிய பூசை என்று அறிவித்தார்கள். நீல வண்டிக்கு முன்னால் பந்தல் போட வந்தவர்களை நாகமணி விடவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டிக்கும் கெணத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கப்படாது. சாமி கல்லு மட்டும் இருக்கட்டும், அதுக்கு நீச்சல் தெரியும்" என்றாள். திட்டிக்கொண்டே கூட்டம் இந்தப் பக்கம் ஒதுங்கியது.

பூசையன்று காலையில் ஜன்னல் வழியாக அவருக்கு வெல்லமும் அரிசியும் கொடுத்தாள். "இன்னிக்காச்சும் காலை எடுங்க மாமா."

அவர் மென்றுகொண்டே கிணற்றைப் பார்த்தார். அவள் போய்த் தன் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, உட்கார்ந்தாள்.

ஊரெல்லாம் சீட்டிக்குக் காது கொடுத்திருந்தது. ஆனால் அன்றைக்குக் காற்று போட்ட கூச்சலில் மைக்கில் புலவர் பாடினதே யாருக்கும் கேட்கவில்லை, சீட்டி எங்கே கேட்கும்? நாகமணிக்கும் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஊதுபத்திப் புகையை. ஆடிக்காற்றில் நூலாக நீண்டு கிழக்கே, கிணற்றுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த புகை நின்றது. நின்று, யோசிக்கிற மாதிரி ஒரு சுருள் சுருண்டு, அத்தனை பெரிய காற்றையும் எதிர்த்துக்கொண்டு மேற்கே திரும்பி, நீல வண்டியின் மூக்குக்குள் பாம்பு வளைக்குள் போகிற மாதிரிப் போனது.

அவள் மிதித்தாள்.

இரண்டு வண்டியும் ஒரே கணத்தில் பாய்ந்தன. கதவோடு கதவு மோதிய சத்தத்தில் தேங்காய் உடைக்க ஓங்கியவன் கையிலேயே தேங்காயைப் பிளந்துகொண்டான். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் ஆனியுமாக நான்கு மாதத்து வேகம் ஒரு பக்கம் தள்ள, அந்தக் கணத்தின் பலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பு வண்டி ஒன்பதாயிரத்தில் அலறியபடி, கன்றுக்குட்டியைத் தோளால் முட்டித் திருப்புகிற பசு மாதிரி, நீல வண்டியின் மூக்கை இடது பக்கம், இடது பக்கம் என்று முட்டிக்கொண்டே போனது. லேக்கய்யன் கல் டயரில் பட்டுத் தெறித்துக் கிணற்றுக்குள் போனது. சிவப்பு வண்டியின் வலது சக்கரம் இரண்டும் பாறை விளிம்பில் ஏறின. பின்சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் சுற்றியது.

திருமூர்த்தி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாகமணியின் முகம், அதற்கு அந்தப் பக்கம் பூமி இல்லை. அவர் காலை எடுத்தார்.

எடுத்தார், ஆனால் அந்த வண்டிக்கு அது உடனே தெரியுமா? மிதித்ததே நான்கு மாதம் கழித்துத் தெரிந்த வண்டி. அதனால் மீதித் தூரத்தையும் நாகமணிதான் திருப்ப வேண்டியிருந்தது. பல்லைக் கடித்து, ஸ்டீயரிங்கை மார்போடு இழுத்து, ஒரு நூல் காலைத் தளர்த்தி அடுத்த நொடியே மறுபடி மிதித்தாள். தளர்த்தியதும் மிதித்ததும் அந்தந்தக் கணத்திலேயே எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தன, முன்சக்கரம் தாரைக் கவ்வியது, காற்றில் நின்ற சக்கரம் பாறையில் விழுந்தது, வளைவு முடிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து 'தொளக்' என்று கல் விழுந்த சத்தம் அப்புறம்தான் வந்தது.

நேர்ப்பாதையில் நீல வண்டி அவளிடமிருந்து கழன்று, கோட்டை நீலமாக ஒரு கீறு கீறிக்கொண்டு போய்விட்டது. நாச்சிமுத்துக் கவுண்டர் காற்றுக்குப் பயந்து கொடியைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். அவர் அவிழ்த்து, உதறி, வீசுவதற்குள் கொடி விழுந்தது சிவப்பு வண்டியின் மேல்தான்.

"இது எப்படிங்க நாயம்? அவருதான முன்னால போனாரு?" என்று ஊதுகுழல்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"கொடி யாரு மேல உழுகுதோ அவியதான் ஜெயிச்சவிய" என்றார் கவுண்டர். "லேக்கு எனக்கும் இருக்குமல்ல?" ஊதுகுழல்காரர்கள் கலைந்து போனார்கள். தங்கள் கொள்கையையே அவர் எடுத்துப் பேசிவிட்டார்.

நீல வண்டி நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது, ஜன்னலில் திருமூர்த்தியின் தலை தெரிந்தது, "காலை—" என்று ஒரு சொல் கேட்டது, போய்விட்டது. அடுத்த சுற்றில் "எடுத்துட்டேன்—" என்றது. புலவர் ஆதிமூலம் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீராக ஊருக்கு அறிவித்தார். "அப்பவே—" என்றது மூன்றாவது சுற்று. அதற்குள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டார்கள்: இரண்டு காலையும் சீட்டின் மேல் சம்மணம் போட்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். காலை எடுத்தது வண்டிக்குத் தெரிகிறவரை அது ஓடத்தானே செய்யும்? "அம்மிணி—" என்றது நான்காவது.

"சாமி கெணத்துக்குள்ள போயிருச்சே, இனி வேண்டுதலெல்லாம் என்னாகறது?" என்று ரங்கம்மாளைக் கேட்டார்கள். "போயி அவிய அவிய வேலையப் பாருங்க. உத்தரவு வேணும்ன்னா ஆபீசுக்குப் போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

மிதித்த கணமே போய்ப் பழகிய நாகமணி அன்று நசுங்கிய கதவில் சாய்ந்துகொண்டு, ரங்கம்மாள் கொடுத்த டீயை ஆறவைத்துக் குடித்தபடி, பொழுது சாய்கிற வரை காத்திருந்தாள். வண்டி சுற்றுக்குச் சுற்று தளர்ந்து, சைக்கிள் வேகத்துக்கு வந்து, நடை வேகத்துக்கு வந்து, கோட்டுக்கு நாலு முழம் முன்னாலேயே பெருமூச்சு விட்டு நின்றது. திருமூர்த்தி கதவைத் திறந்தார். வலது கால் மரத்துப்போயிருந்தது. ஊன்ற முடியாமல் சாய்ந்தவருக்கு நாகமணி தோள் கொடுத்தாள், காலையில் கொடுத்த அதே தோள்.

"ஐப்பசிக்கு நாந்தான் போறேன், என்னங் மாமா?" என்றாள். கேட்டுவிட்டு, பழக்கத்தில், டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம் என்று ரங்கம்மாள் கடைப்பக்கம் திரும்பினாள்.

"செரி அம்மிணி" என்றார் அவர்.

அவள் நின்றுவிட்டாள். பதில் கேட்ட கணமே வந்திருந்தது.